அடுத்த மாடலும் அரளிப் பூவும்

எனக்கு எதையும் முதல் சொல்லிலேயே நம்பிப் பழக்கமில்லை. நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற எங்கள் அப்பாவும் அப்படித்தான். தேங்காய்க் கடையில் கடைக்காரர் தட்டிப் பார்த்து நீட்டும் காயை வாங்கமாட்டார். அதற்கு அடியில் இருக்கிற காயைத்தான் எடுப்பார். நான் அவரையும் மிஞ்சியவன். கண்டக்டர் “உள்ள எடம் இருக்கு, ஏறுங்க” என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். இப்படிப்பட்ட ஒருவன் லேப்டாப் வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் போன வருஷம் தை மாதத்திலிருந்து ஆனி முடியும்வரை எங்கள் குடும்பமே பார்த்தது.

நான் சேலைக்கு டிசைன் போடுகிறவன். திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்டர், உடலில் விழும் புட்டா பூ, முந்தானை என்று கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைப்பேன். நான் வைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் தறியில் ஓர் இழை ஏறும், அல்லது இறங்கும். வேலை முடிந்ததும் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய், தறியின் தலைக்குமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால் டிசைன் சேலையில் விழத் தொடங்கும். அம்மையார்குப்பத்தில் என் அக்கா வீட்டில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. ஓட்டுகிறவர் அக்கா புருஷன், என் பாவா. அந்த ஆறு தறிக்கும் டிசைன் என்னுடையதுதான். வேறு யாரிடமும் அவர் வாங்கியதில்லை. நானும் வாங்க விட்டதில்லை.

என் பழைய லேப்டாப்புக்கு ஏழு வயது. ஆன் செய்தால் அதன் மின்விசிறி போடும் சத்தத்தில், கீழ்வீட்டு அம்மா “மாவு அரைக்கிறீங்களா?” என்று கேட்டதுண்டு. புட்டா, பார்டர் மாதிரி சின்ன வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்துவிடும். முந்தானை முழுவதும் திரும்ப வராமல் ஒரே ஓட்டமாக ஓடுகிற பெரிய டிசைன் என்றால் பாதியில் உறைந்து நின்றுவிடும். திரையில் நிறமும் போய்விட்டது. அதில் அரக்கு என்று நான் பார்த்துக் கொடுத்த ஒரு பார்டர், நூல் கோத்து நெய்து வந்தபோது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.  பாவா அந்தச் சேலையை மட்டும் மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

ஆகவே வாங்கித்தான் ஆகவேண்டும். எதை வாங்குவது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பார்த்தாலே விலை தெரிகிற அந்த உயர்ந்த வரிசை லேப்டாப் ஒன்று இருக்கிறதே, அதுதான். நூலின் நிறத்தை உள்ளபடியே காட்டும் திரை அதற்குத்தான் உண்டு என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். பாதி விலையில் வேறு வாங்கினாலும் என் வேலை நடந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அதை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டவர்களிடமெல்லாம் திரையைப் பற்றித்தான் பேசினேன்.

சிக்கல் ‘எப்போது’ என்பதில் இருந்தது. தை மாதம் வாங்கப்போன நேரத்தில் ஒரு செய்தி வந்தது. அடுத்த மாடலில் திரையையே மாற்றுகிறார்களாம். தொட்டால் வேலை செய்யுமாம், இன்னும் ஒல்லியாம், உள்ளே இருக்கிற சிப்பும் புதுசாம். எப்போது என்று கேட்டால் ஒருவன் சித்திரை என்றான், ஒருவன் ஐப்பசி என்றான், இன்னொருவன் அடுத்த வருஷம் என்றான். நான் இன்றைக்கு வாங்கி, நாளைக்கு அது வந்துவிட்டால்? வாங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்தது ஞாபகம் வருமே. 

மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்க் கடையிலேயே கேட்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே, “அடுத்தது இப்போதைக்கு வராது சார், தைரியமா எடுங்க” என்றான்.

“வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்களுக்கு எதுவும் சொல்ல மாட்டாங்க சார்.”

“சொல்ல மாட்டாங்கன்னா, வராதுன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க?”

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் வேறு வாடிக்கையாளரைத் தேடியது. நான் அவனுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன். பெட்டிகள் மேல்கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், அப்படியென்றால் புதுசு வரப்போகிறது என்று முடிவுசெய்து வெறுங்கையோடு திரும்பினேன். சித்திரையில் மறுபடி போனேன். அலமாரி காலி. பழசை வரவழைப்பதை நிறுத்திவிட்டார்கள், அப்படியென்றால் புதுசு வரப்போகிறது என்று அன்றைக்கும் திரும்பினேன். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒரே பதில்தான் கிடைத்தது என்பது ரயிலில் வரும்போது உறைக்கவில்லை.

வாங்கு என்பவனுக்குக் கமிஷன் இருக்கிறது. பொறு என்று யூடியூபில் சொல்கிறவனுக்கு வேறு ஏதோ கமிஷன் இருக்கிறது. அம்மையார்குப்பத்தில் என்னைப் போலவே டிசைன் போடுகிற ஒருவர், “அவசரப்படாதீங்க, நல்லதா வருது” என்றார். என் கை முடங்கிக் கிடந்தால் இவருக்கு லாபமாயிற்றே என்று அவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தேன். அவர் பாவம், உண்மையாகவே எனக்கு நல்லது நினைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற கருவி எதுவும் என்னிடம் இல்லை.

இதற்கு நடுவில் நானே ஒரு வேலை செய்திருந்தேன். எங்கள் தொழிலில் பலரும் செய்கிற வேலைதான். பாவாவிடம் சேலை எடுக்கும் சென்னை மொத்த வியாபாரி வேறு ஊர்த் தறிக்காரர்களிடம் தீபாவளி ஆர்டர் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும். அதற்காக, வரப்போகிற முந்தானையில் ஒரு மூலையை மட்டும் வரைந்து, திரையை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். மிச்சத்தைக் கட்டைவிரலால் மறைத்திருந்தேன். ‘அடுத்தது இது. யாருக்கும் காட்டாதீங்க’ என்று ஒரு வரி. ஆளைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது.

ஒரு நாள் போனில் அடுத்த மாடல் லேப்டாப்பின் படம் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மூடியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. மிச்சத்தை யாரோ கையால் மறைத்திருந்தார்கள். அந்தக் கட்டைவிரலைப் பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு வந்தது. அடப்பாவிகளா, இது நான் செய்கிற வேலையாச்சே! மூலையை மட்டும் காட்டுகிறார்கள் என்றால் மிச்சம் இன்னும் தயாராகவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் முந்தானையிலும் அந்த மூலையைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தனை பெரிய முந்தானையை என் பழைய லேப்டாப் தாங்காது என்பதால், புது மாடல் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

தெரிந்தும் காத்திருந்தேன். அதுதான் வேடிக்கை.

வைகாசிக் கடைசியில் பாவா போன் செய்தார். வியாபாரி இப்போது ஓடுகிற டிசைனை எடுக்க மாட்டேன் என்கிறாராம். ‘புதுசு வரப்போவுதுன்னு உன் மச்சானே அனுப்பியிருக்காரே, பழச எடுத்து நான் யார் தலையில கட்றது? அது வரட்டும்’ என்று சொல்லிவிட்டாராம். நெய்த சேலைகள் வீட்டில் மடித்து மடித்து ஏறிக்கொண்டிருந்தன. நான் அந்தப் படத்தை அனுப்பியது வேறு ஊர்க்காரர்கள் வியாபாரத்தைத் தடுக்க. அது முதலில் தடுத்தது எங்கள் பாவா வியாபாரத்தைத்தான்.

அடுத்த ஞாயிறு அம்மையார்குப்பம் போனேன். அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு அக்கா வீடு கிட்டத்தட்ட அப்படி இருந்தது. ஆறில் நான்கு தறி நின்றிருந்தது. பாவா நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அந்த மிசினு எப்பதான் வருது?”

“ஐப்பசியில வரும்னு சொல்றாங்க பாவா.”

“ஐப்பசியில தீவாளியே வந்துடுமே. நாம எப்ப நெய்யறது, எப்ப அனுப்பறது?” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நூலு காத்துகினு இருக்கும். தறி காத்துகினு இருக்கும். ஆளுங்க இருப்பாங்களா? ஒருத்தன் போன வாரமே கம்பெனி வேலைக்குன்னு பஸ் ஏறிட்டான். இன்னொருத்தன் இந்த மாசம் பாத்துட்டு சொல்றேன்னுகினு இருக்கான். இருக்கறத வாங்கினா இன்னா?”

“இருக்கறத வாங்கி அடுத்த மாசமே புதுசு வந்துட்டா?”

“வந்தா வந்துட்டுப் போவுது. நம்ம தறிக்கு அது தெரியுமா?”

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு உடனே தோன்றியது வேறு. இவருக்கு அவருடைய தறி ஓட வேண்டும், காசு போட்டு ஏமாறப்போவது நான் என்று நினைத்தேன். என் சொந்தப் பாவாவை அந்த விற்பனைப் பையனோடு சேர்த்து வைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்தாள். 

இரண்டு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

“தம்பி, வர்ற செவ்வாக்கெழம நான் மலைக்கு வரேன். பூ கட்டிப் பாத்துடலாம். சாமி வாங்குன்னா நீ வாங்கு. வாணாம்னா ஐப்பசி வரைக்கும் நானும் கேக்க மாட்டேன், உங்க பாவாவையும் கேக்க விடமாட்டேன். ஆடி பொறந்துட்டா புதுசு ஒண்ணும் வாங்கக் கூடாது, அதுக்குள்ள தெரிஞ்சிடணும்.”

எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு தோண்டுவதுவரை இப்படித்தான். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் பொறு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே குளத்தில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இருவரும் படி ஏறினோம். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. அக்காவுக்கு முழங்கால் வலி. நாலு படிக்கு ஒரு தரம் நின்றாள். வழியில் இருக்கிற பிள்ளையார் முன்னால் முந்தானையில் முடிந்திருந்த இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஒரே மாதிரியான செய்தித்தாள், அதே அளவு, தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிற அந்த முடிச்சு. வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“வேற யாரும் எடுக்க வேணாம். நான்தான் எடுப்பேன்” என்றேன்.

“ஆங், நீயே எடு” என்றாள். வழக்கமாக எதற்கும் என்னோடு மல்லுக்கட்டுகிறவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை இடதுபக்கம் கொண்டுபோனேன். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றே அதை அங்கே வைத்திருப்பாளோ என்று தோன்றியது. கடைசி நேரத்தில் கையை மாற்றி வலதுபக்கத்தை எடுத்தேன். பிரித்தேன்.

செவ்வரளி.

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாள். உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணோரத்தில் தண்ணீர். சாமி தறிக்கு வழி விட்டுவிட்டாரே, அந்தச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

மேலே போய்ச் சாமி பார்த்துவிட்டு இறங்கினோம். அடிவாரத்தில் அவள் ஒரு கடை முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள். “நீ போய்க் கொளத்துல உட்டுட்டு வா” என்றாள். நான் பொட்டலத்தோடு பொய்கைக்குப் போனேன். கடைசிப் படியில் நின்று கையை நீட்டினேன். விடத்தான் போனேன். சத்தியமாக விடத்தான் போனேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பொட்டலத்தை என் கையிலிருந்து விட என்னால் முடியவில்லை. நைனா புத்தி. முடிச்சைப் பல்லால் இழுத்துப் பிரித்தேன்.

செவ்வரளி.

முதலில் கோபம்தான் வந்தது. தலை சூடேறிவிட்டது. தை மாதத்திலிருந்து எத்தனை பேரிடம் தப்பித்திருக்கிறேன்! கடைப் பையன், யூடியூப்காரன், அம்மையார்குப்பத்து டிசைன்காரர் என்று யாரிடமும் மாட்டாதவனை என் அக்கா, பிள்ளையாரை வைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டாள். நேராகப் போய் அந்தப் பூவை அவள் மடியில் கொட்டிக் கேட்டுவிடவேண்டும் என்று படியேறித் திரும்பினேன்.

தூரத்தில் அவள் தெரிந்தாள். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, மலையைப் பார்த்து மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது சந்தோஷமே இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள், தரையில் கிடக்கிற பூவைத் தெரியாமல் மிதித்துவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அவள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டியிருக்கிறாள். அந்த வலிக்கிற காலோடு அதைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாள். தறி நின்றது அவளை அந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தறியை நிறுத்தியவன் நான். என் ஆயுசில் பிரித்துப் பார்த்ததற்காக வெட்கப்பட்ட பொட்டலம் அது ஒன்றுதான்.

பூவை உள்ளே வைத்து மடித்தேன். அவள் போட்ட முடிச்சு எனக்கு வரவில்லை. வெறுமனே சுற்றித் தண்ணீரில் விட்டேன்.

“உட்டுட்டியா?” என்றாள்.

“உட்டுட்டேன்கா.”

அந்த வாரமே சென்னைக்குப் போனேன். அதே பையன், அதே சிரிப்பு. “அடுத்தது இப்போதைக்கு வராது சார்” என்று ஆரம்பித்தான். “வந்தா வரட்டும், இதைக் கொடுங்க” என்றேன். இந்த முறை அவன்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். புது லேப்டாப்பில் முந்தானையைப் போட ஒன்பது நாள் ஆயிற்று. சத்தமே போடாமல் வேலை செய்தது. முதல் இரண்டு நாள், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடித்ததும் வியாபாரிக்கு முந்தானை முழுவதையும் அனுப்பினேன். கட்டைவிரல் இல்லாமல். “இதுதாங்க. இதுக்கு அப்புறம் தீபாவளி முடியறவரைக்கும் வேற எதுவும் இல்லை. பழசையும் சேத்து எடுத்துக்குங்க” என்று போனில் சொன்னேன்.

“நெஜமாவா தம்பி?” என்றார். “வேற எதுனா மறச்சி வெச்சிருக்கியா?”

உண்மையைச் சொல்லும்போது நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நாலு நாள் யோசித்துவிட்டு, பழசில் பாதியும் புது ஆர்டரும் எடுத்தார். பாவா வீட்டில் ஐந்து தறி ஓடத் தொடங்கியது. கம்பெனி பஸ் ஏறிய ஆள் திரும்பி வரவில்லை. ஆறாவது தறியை பாவாவே ஓட்டினார்.

அடுத்த மாடல் ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நான் வாங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் வந்துவிட்டது. அன்றைக்கு அக்கா போன் செய்தாள்.

“புதுசு வந்துட்ச்சாமே? உங்க பாவா போன்ல காட்னாரு.”

“ஆங், வந்துட்ச்சு.”

“நீ நெனச்சாப்பலவே ஆயிட்ச்சேடா. கோவமா?”

“யார் மேல கோவம்? சாமி செவப்பு காட்டுச்சு, வாங்கினேன்.”

 போனில் தறிகள் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அன்னிக்கு அந்த இன்னொரு பொட்டலம்... நீ பிரிச்சுப் பாக்கலயே?”

“ச்சே, அதெல்லாம் பிரிக்கலாமாக்கா?”

“நீயா பிரிக்கல?”

நாற்பது வருஷமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.  அவள் குரல் உடைந்துவிட்டது.

“நாலு தறி நின்னுட்ச்சுடா. எனக்கு வேற வழி தெர்ல.”

“தெரியும்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கும்.  அவள் பக்கத்தில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. போனை இருவரும் வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.